செவுளைத் தூக்கிப் பார்

மீன் வாங்கக் கற்றுக்கொடுத்தது அம்மா. சிந்தாதிரிப்பேட்டை சந்தையில், ஐஸ் தண்ணீர் ஓடும் தரையில் செருப்பு வழுக்க வழுக்க, ஒன்பது வயதுப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் நடத்திய பாடம் ஒன்றே ஒன்று: "கண்ணைப் பார்த்து ஏமாறாதே. செவுளைத் தூக்கிப் பார்." சங்கராவோ வஞ்சிரமோ, மீன்காரம்மா "இப்போதுதான் காசிமேட்டிலிருந்து வந்தது" என்று எத்தனை சத்தியம் செய்தாலும் சரி, அம்மாவின் ஆள்காட்டி விரல் அந்த மூடியை நெம்பித் திறந்துவிடும். உள்ளே செக்கச்செவேலென்று இருந்தால் பேரம் தொடங்கும். பழுப்பேறியிருந்தால் அடுத்த கடை.

அந்தச் சிவப்பு எதனால் என்று அம்மாவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்பதற்கு எனக்கு முப்பத்தைந்து வருடம் ஆனது. அதற்கும் அப்பாவின் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கார்த்திகை மாதம். விடாத மழை. அப்பாவுக்கு அப்போது 72 வயது. படுத்த இரண்டு மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவார். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "மூச்சு விட முடியவில்லை" என்பார். உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. படுத்தால் மறுபடியும் அதே கதை. ஒரு தலையணை இரண்டாகி, இரண்டு மூன்றாகியது. பக்கத்துத் தெரு மருத்துவர் சளி என்றார். மழைக்காலம், வயதான உடம்பு, இருமல் வேறு; எங்களுக்கும் சந்தேகம் வரவில்லை. ஆவி பிடித்தார். முகமூடி மாட்டி மருந்துப் புகை இழுத்தார். தூதுவளை ரசம் குடித்தார். பத்து நாள் இப்படியே போனது. கொரோனா காலத்தில் வாங்கி அலமாரியில் போட்டிருந்த, விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் அந்தச் சின்னக் கருவி 89 என்று காட்டிய இரவில்தான் வேறொரு மருத்துவமனைக்கு ஓடினோம்.

அங்கே இருந்த இளம் மருத்துவர் மார்பைத் தொடுவதற்கு முன் காலைத் தொட்டார். கணுக்காலுக்குச் சற்று மேலே, எலும்பின் மீது, கட்டைவிரலால் பத்து வினாடி அழுத்திவிட்டு எடுத்தார். பிசைந்து வைத்த மாவில் விரல் பதிந்ததுபோல் குழி விழுந்து அப்படியே நின்றது. அப்புறம் முதுகின் அடிப்பக்கத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். "ஐயா, உங்கள் நுரையீரலில் தப்பில்லை. இதயம் களைத்துப்போயிருக்கிறது. அதனால்தான் நுரையீரலில் தண்ணீர் ஏறுகிறது" என்றார்.

எனக்குப் புரியவில்லை. மூச்சு என்றால் நுரையீரல், ரத்தம் என்றால் இதயம் என்று பள்ளிக்கூடத்தில் இரண்டு தனித்தனிப் பாடமாகப் படித்தவன் நான். அப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது. அவர் 31 வருடம் கழிவுநீர் உந்து நிலையத்தில் பம்ப் ஆபரேட்டராக இருந்தவர். மூச்சிரைப்புக்கு நடுவே மருத்துவரிடம் அவர் சொன்னது: "பம்ப் முன்னால் தள்ளவில்லை என்றால் பின்னால் தெருவெல்லாம் ஏறும். அதுதானே டாக்டர்?" மருத்துவர் சிரித்துவிட்டார். அதேதான். உந்து நிலையத்தில் மோட்டார் தளர்ந்தால் பாதிப்பு அங்கே தெரியாது; நான்கு தெரு தள்ளி ஒரு ஆள்நுழை மூடி வழியாகப் பொங்கும். அப்பாவின் இதயத்தில் இடது பக்க பம்ப் தளர்ந்திருந்தது. அதற்குப் பின்னால் இருக்கும் தெரு, நுரையீரல்.

படுத்தால் ஏன் அதிகமாகிறது என்பதற்கும் இதிலேயே விடை இருந்தது. பகல் முழுக்கக் காலில் தேங்கிக் கிடந்த நீரும் ரத்தமும், படுத்ததும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வருவதுபோல் மார்புக்குத் திரும்புகின்றன. களைத்த பம்ப் அந்தக் கூடுதல் வரத்தைச் சமாளிக்க முடியாமல் திணறுகிறது. ஜன்னலோரம் நின்றபோது அப்பாவைத் தேற்றியது காற்றல்ல, நின்ற நிலைதான்.

இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ எடுத்துப் பார்த்து "பம்பிங் 35 சதவீதம்" என்றார்கள். இந்த எண்ணைக் கேட்டு நான் வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன், நூற்றில் 65 போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு. அப்படியில்லை. நல்ல இதயமே தன்னிடம் நிரம்பும் ரத்தத்தில் ஏறத்தாழ 55 முதல் 70 சதவீதத்தைத்தான் ஒரு துடிப்பில் வெளியே தள்ளும். மிச்சம் உள்ளேயே தங்கும். ஆகவே 35 என்பது பாதிக்குக் கொஞ்சம் மேல். கவலைப்பட வேண்டியதுதான், ஆனால் அழுத அளவுக்கு இல்லை. இதை எக்கோ அறை வாசலில் ஒரு அட்டையில் எழுதி மாட்டினால் எத்தனை பிள்ளைகளின் கண்ணீர் மிச்சமாகும்!

அப்பா ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தார். நீர் பிரியும் மாத்திரை கொடுத்ததும் முதல் இரண்டு நாளில் மூன்று கிலோ எடை குறைந்தது. அத்தனையும் தண்ணீர். அந்த ஆறு நாளும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் படித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு, படித்ததையெல்லாம் வெட்டிப் பார்த்தேன். சமையலறையில்தான்.

முதலில் அம்மாவின் செவுள். ஒரு சங்கராவின் செவுளைக் கத்தரியால் வெட்டியெடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். வெளியே சிவப்புக் களிமண் போல ஒட்டிக் கிடந்தது, தண்ணீரில் சீப்பு சீப்பாக விரிந்து மயிலிறகுபோல் அலையும். ஒவ்வொரு பல்லிலும் இன்னும் நுண்ணிய தகடுகள் அடுக்கியிருக்கும். அவை கண்ணுக்குத் தெரியாது. அந்தத் தகட்டுக்கு உள்ளே ரத்தம், வெளியே கடல். நடுவே இருப்பது கண்ணால் காண முடியாத மெல்லிய தோல். அவ்வளவு மெலிதாக இருப்பதால்தான் ரத்தத்தின் நிறம் அப்படியே வெளியே தெரிகிறது. மீன் செத்து நேரமாக ஆக அந்த ரத்தத்திலிருக்கும் ஹீமோகுளோபின் நிறம் மாறிப் பழுப்பாகிறது. அம்மா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பார்த்தது இதைத்தான்.

தண்ணீரில் மூச்சு விடுவது லேசான காரியமில்லை. ஒரு லிட்டர் காற்றில் சுமார் 210 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கிறது. நம் ஊர் வெயிலில் சூடான ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்தாறு மில்லிலிட்டர் கரைந்திருந்தால் அதிகம். சந்தையைச் சுற்றிக்கொண்டு ஓடும் கூவத்தில் அதுவும் கிடையாது. சாக்கடையைத் தின்னும் நுண்ணுயிர்களே முழுவதையும் எடுத்துக்கொள்கின்றன. இத்தனை ஏழ்மையான சரக்கிலிருந்து பிழைப்பு நடத்த மீனுக்கு ஒரு தந்திரம் வாய்த்திருக்கிறது. செவுளில் தண்ணீர் ஒரு திசையில் போனால் ரத்தம் எதிர்த்திசையில் போகிறது. கோயிலில் இரண்டு வரிசை நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசைக்காரர்கள் கை நிறையச் சுண்டலோடு வருகிறார்கள்; மற்ற வரிசையில் வெறுங்கை. இரண்டும் ஒரே திசையில் நடந்தால், பாதிப் பாதி ஆனதும் கொடுக்கல் வாங்கல் நின்றுவிடும். எதிரெதிராக நடந்தால், பாதி நிறைந்தவருக்கு எதிரே முக்கால் நிறைந்தவர் வருவார். முக்கால் நிறைந்தவருக்கு எதிரே முழுதும் நிறைந்தவர். கடைசி வரை வாங்கிக்கொண்டே போகலாம். இப்படித்தான் பல மீன்கள் தண்ணீரிலிருக்கும் ஆக்சிஜனில் 80 சதவீதம் வரை உறிஞ்சிவிடுகின்றன. நாம் இழுக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். விடும் காற்றில் இன்னும் 16 மிச்சமிருக்கிறது. காற்றில் தாராளமாகக் கிடைப்பதால் ஊதாரித்தனம்.

மீனின் இதயம் சுண்டுவிரல் நகமளவுதான், தொண்டைக்குக் கீழே. சுத்தம் செய்யும்போது குடலோடு போய்விடும், யாரும் கவனிப்பதில்லை. ஒரு மேலறை, ஒரு கீழறை. அது தள்ளும் ரத்தம் முதலில் செவுளுக்குப் போய், அங்கிருந்து நேரே உடம்புக்குப் போய், திரும்பி இதயத்துக்கு வருகிறது. ஒற்றைச் சுற்று. இதில் ஒரு சங்கடம். செவுளின் நுண்குழாய்களில் நுழைந்து வெளியேறுவதற்குள் ரத்தத்தின் அழுத்தம் கணிசமாகக் குறைந்துவிடும். உடம்புக்குப் போய்ச் சேர்வது தளர்ந்த ஓட்டம். மாடிக்குப் போகும் குழாயின் நடுவில் ஒரு வடிகட்டியை வைத்ததுபோல. சரி, இதயத்தை இன்னும் வேகமாகத் தள்ளச் சொல்லலாமே என்றால், அந்த மெல்லிய செவுள் தாங்காது.

இந்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. ஆக்சிஜன் ஏற வேண்டுமானால் சுவர் மெலிதாக இருக்க வேண்டும். சுவர் மெலிதாக இருந்தால் அழுத்தம் குறைவாக இருக்க வேண்டும். ஆனால் மூளைக்கும் தசைக்கும் சிறுநீரகத்துக்கும் அழுத்தமான ஓட்டம் வேண்டும். ஒரே பம்ப், ஒரே குழாய் என்றால் இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

இதற்கான ஏற்பாட்டைப் பார்க்க ஆட்டிறைச்சிக் கடைக்குப் போக வேண்டும். "சுவரொட்டி வேண்டுமா?" என்று கடைக்கார அண்ணன் வழக்கம்போலக் கேட்டார். (சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல். ரத்தம் ஊறும் என்று பிள்ளைபெற்றவர்களுக்குக் கொடுப்பார்கள். பாட்டிகள் சொன்னது வீண் போகவில்லை: சுமார் 120 நாள் வாழ்ந்து கிழடான சிவப்பணுக்களை மனித உடம்பில் பிரித்தெடுக்கும் இடங்களில் மண்ணீரல் ஒன்று, அதனால் இரும்புச்சத்து அங்கே நிறைய உண்டு.) இல்லை, இதயம் முழுசாக வேண்டும், வெட்டாமல் கொடுங்கள் என்றேன். விசித்திரமாகப் பார்த்தார்.

வீட்டில் குறுக்காக நறுக்கினேன். நான்கு அறைகள். இடது கீழறையின் சுவர் என் சுண்டுவிரல் கனம். வலது கீழறையின் சுவர் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்குமோ என்னவோ; விரலை உள்ளே விட்டால் வெளிச்சத்தில் நிழல் தெரிகிறது. வால்வுகளின் ஓரத்திலிருந்து வெள்ளை நூல்கள், மல்லிகைச் சரம் கட்டும் நாரின் கனத்தில், கீழே தசையோடு முடிச்சுப் போட்டிருந்தன. வால்வு பின்பக்கமாகப் புரண்டுவிடாமல் இழுத்துப் பிடிப்பவை அவை.

ஏன் ஒரு சுவர் தடிமன், மற்றது மெலிவு? வேலை அப்படி. வலது பக்கம் பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்கு மட்டும் தள்ளுகிறது. மனிதரில் அங்கே அழுத்தம் 25க்கு 10 அளவில்தான். இடது பக்கம் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை தள்ள வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த அந்த 120க்கு 80. ஒரே கட்டடத்துக்குள் இரண்டு பம்புகள், ஒரே தாளத்தில் துடிப்பவை, ஆனால் அழுத்தம் வேறு வேறு. நாம் ரத்த அழுத்தம் பார்க்கும்போது பார்ப்பதெல்லாம் இடது பக்கத்தின் கணக்கு.

அந்தக் குறைந்த அழுத்தத்தால் காப்பாற்றப்படுவது எது என்பதற்கு நுரையீரலைப் பார்க்க வேண்டும். நம் மொழியில் அதற்கு வைத்த பெயரே போதும்: நுரை, ஈரல். ஆட்டு நுரையீரலைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். கத்தி வைத்தால் சோப்பு நுரைபோலப் பொசுங்கும். மனித நுரையீரலில் 30 கோடிக்கும் மேற்பட்ட நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர், அதாவது 750 சதுர அடி. பெரம்பூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீடு அதைவிடச் சின்னது. காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள சுவர் பல இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. எந்த ஒரு கணத்திலும் அந்த 750 சதுர அடியில் பரவியிருக்கும் ரத்தம் ஒரு டம்ளர் காபி அளவுகூட இராது. ஒரு சிவப்பணு அங்கே தங்குவது முக்கால் வினாடி. அதற்குள் கரியமில வாயுவை இறக்கிவிட்டு ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். பெரும்பாலும் அதில் மூன்றில் ஒரு பங்கு நேரத்திலேயே வேலை முடிந்துவிடுகிறது.

இந்த மெல்லிய சுவருக்குப் பின்னால்தான் அப்பாவின் இடது பம்ப் தள்ள முடியாமல் விட்ட ரத்தம் தேங்கியது. அழுத்தம் ஏறியது. ரத்தத்தின் நீர்ப்பகுதி சுவர் வழியே கசிந்து காற்றறைக்குள் வந்தது. மருத்துவர் முதுகில் கேட்டது அந்த நீரில் காற்று புகுந்து வரும் சத்தம்; காதோரம் தலைமுடியைத் தேய்த்தால் கேட்கும் நொறநொறப்பு போல இருக்கும் என்றார்.

இதயம் ஓய்வான நேரத்திலேயே நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் தள்ளுகிறது. சென்னைக்காரர்களுக்குப் புரியும் அளவில் சொன்னால், 20 லிட்டர் கேன் நான்கு நிமிடத்தில் ஒன்று. நாளைக்கு 360 கேன். மூன்றாவது மாடிக்கு ஒரு கேனைத் தூக்கியவருக்கு இதன் அருமை தெரியும். இந்தக் கணக்குதான் ஒரு பெரிய உண்மையை வெளியே கொண்டுவந்தது. உண்ட உணவிலிருந்து ஈரல் புதிது புதிதாக ரத்தம் செய்கிறது, உடம்பு அதைச் செலவழித்துவிடுகிறது என்றுதான் பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் காலத்திலிருந்து ஐரோப்பாவில் நம்பியிருந்தார்கள். ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி உட்கார்ந்து பெருக்கிப் பார்த்தார். ஒரு துடிப்புக்கு இத்தனை, அரை மணிக்கு இத்தனை துடிப்பு. உடம்பிலுள்ள மொத்த ரத்தத்தையும் தாண்டிவிட்டது. அவ்வளவு ரத்தம் செய்ய எவ்வளவு சாப்பிட வேண்டும்? ஆகவே அதே ரத்தம்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. 1628இல் அதை நூலாக வெளியிட்டார். அவருக்கு மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன்பே, 13ஆம் நூற்றாண்டில், ரத்தம் இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரல் வழியாகத்தான் இடப்பக்கம் வருகிறது என்று எழுதிவைத்தவர் அரபு மருத்துவர் இப்னு அல்-நஃபீஸ். தமனியிலிருந்து சிரைக்கு ரத்தம் எப்படித் தாவுகிறது என்பது மட்டும் ஹார்வியின் கண்ணுக்குப் படவில்லை. அவர் இறந்த நான்கு ஆண்டுகள் கழித்து, 1661இல், இத்தாலிய மருத்துவர் மார்செல்லோ மல்பீகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்து, இரண்டையும் இணைக்கும் நுண்குழாய்களான தந்துகிகளைக் கண்டார்.

தவளை என்றதும் பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல் ஆய்வகம் நினைவுக்கு வருகிறது. மெழுகுத் தட்டில் குண்டூசி குத்திக் கிடந்த உடம்பில் இதயம் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. மூன்று அறைகள்; கீழறை ஒன்றே ஒன்று. "நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் கலந்துவிடும், ஆகவே இது முழுமையடையாத இதயம்" என்று சார் எழுதச் சொன்னார், எழுதினோம். இன்றைக்கு அந்த வரியைப் படித்தால் கோபம் வருகிறது. தவளைக்கு விலா எலும்புக் கூடு இல்லை, உதரவிதானம் இல்லை; வாயின் தரையை ஏற்றி இறக்கிக் காற்றை விழுங்குகிறது. ஈரத் தோல் வழியாகவும் சுவாசிக்கிறது. குளத்தடியில் கிடக்கும்போது நுரையீரலுக்கு ரத்தம் அனுப்புவது வீண் செலவு. ஒற்றைக் கீழறை இருந்தால் அந்தப் பங்கை வேறு வழியில் திருப்பிவிடலாம். வடநெம்மேலி முதலைப் பண்ணையில் மணிக்கணக்கில் அசையாமல் கிடப்பவற்றுக்கோ நம்மைப் போலவே நான்கு அறைகள். கூடவே இரண்டு பெருந்தமனிகளுக்கு நடுவே ஒரு சிறு துளை. நீருக்குள் மூழ்கும்போது நுரையீரல் பக்கத்தைச் சுருக்கிக்கொள்ள அந்த ஏற்பாடு வசதியாக இருக்கிறது. கருப்பையில் இருந்தபோது நமக்கும் இதயத்தின் நடுச்சுவரில் ஒரு திறப்பு இருந்தது. முதல் மூச்சை இழுத்ததும் அழுத்தம் மாறி மூடிக்கொண்ட கதவு அது. முழுமையடையாதது என்று எதைச் சொல்வது?

கோழியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். முழுக்கோழி வாங்கி வீட்டில் சுத்தம் செய்பவர்களுக்குத் தெரியும்: எல்லாம் வந்துவிடும், முதுகுப்பக்க விலா எலும்புகளுக்கு இடையில் இளஞ்சிவப்பாக அப்பிக்கொண்டிருக்கும் ஒன்று மட்டும் வராது. நகத்தால் சுரண்ட வேண்டும். அதுதான் நுரையீரல். ஆட்டினுடையதைப் போல அது ஊதி அடங்குவதில்லை. ஊதி அடங்குவதற்கென்று தனியாகக் காற்றுப்பைகள் உடம்பு முழுக்க இருக்கின்றன. சில எலும்புக்குள்ளும் நுழைகின்றன. அவை துருத்திபோல் காற்றைத் தள்ள, நுரையீரல் வழியாகக் காற்று எப்போதும் ஒரே திசையில் ஓடுகிறது. இழுக்கும்போதும் புதுக்காற்று, விடும்போதும் புதுக்காற்று. குளிர்காலத்தில் கூந்தன்குளத்துக்கு வந்திறங்கும் பட்டைத்தலை வாத்துகள் இமயமலையைத் தாண்டி வருவதற்கு இந்த நுரையீரலும், ஆக்சிஜனை இறுகப் பிடிக்கும் அவற்றின் ஹீமோகுளோபினும் துணை.

அப்பா சொன்ன "மூச்சு விட முடியவில்லை" என்ற வார்த்தையையும் யோசித்தேன். நாம் மூச்சு விடுகிறோம் என்றுதான் சொல்கிறோம். இழுக்கிறோம் என்பது யோகாசன வகுப்பில் மட்டும். உடம்பின் கணக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கிறது. மூச்சை அடக்கினால் சிறிது நேரத்தில் நெஞ்சு முட்டுகிறதே, அது பெரும்பாலும் ஆக்சிஜன் தீர்ந்ததால் அல்ல. கரியமில வாயு சேர்ந்து ரத்தம் புளிப்பேறுவதை மூளையின் அடித்தண்டு கவனித்துவிடுவதால். வெளியேற்று என்பதுதான் அதன் அவசரம். முத்துக்குளிப்பவர்கள் மூழ்குவதற்கு முன் வேக வேகமாக மூச்சு விட்டால் கரியமில வாயு குறைந்துவிடும். முட்டும் உணர்வு வருவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து மயங்கிவிடும் ஆபத்து அதனால்தான்.

இப்போது அப்பா ஒரு தலையணையில் தூங்குகிறார். தினமும் காலையில் பல் துலக்கியதும் எடைக்கருவியில் ஏறி நின்று, எண்ணை நாள்காட்டித் தாளில் குறித்துவைக்கிறார். உந்து நிலையப் பதிவேட்டில் எழுதிய அதே சாய்ந்த கையெழுத்து. ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினால் நீர் சேர்கிறது என்று அர்த்தம், மருத்துவரைக் கூப்பிட வேண்டும். ஊறுகாய் நின்றது, அப்பளம் நின்றது. கருவாடு நின்றதில்தான் வீட்டில் பெரிய சண்டை.

போன ஞாயிற்றுக்கிழமை அவரையும் சந்தைக்கு அழைத்துப் போனேன். நான் சங்கராவின் செவுளைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர் உயிர் விரால் விற்கும் கடையில் பிளாஸ்டிக் தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு சாண் தண்ணீரில் நான்கு விரால்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. விராலுக்குச் செவுளுக்கு மேலே காற்றை அடைத்து வைத்துக்கொள்ளத் தனி அறை உண்டு; அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய்க் காற்றைக் கவ்வாவிட்டால் தண்ணீருக்குள்ளேயே செத்துப்போகும். அதனால்தான் அந்தத் தொட்டியிலும் உயிரோடு இருக்கிறது. அதைச் சொன்னேன். அப்பா கைக்கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டார். மூலையிலிருந்த பெரிய மீன் எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை மேலே வருகிறது என்று எண்ணத் தொடங்கினார். முதல் தடவை வந்தது. இரண்டாவது தடவைக்காகக் காத்திருந்தபோது ஒரு அம்மா வந்து, அறுவை சிகிச்சை முடிந்த மருமகளுக்கு என்று சொல்லி, அந்த மீனையே கேட்டார்.